விரலைக் காணோம்

சென்ற இதழில் வெளியான ‘கையற்ற கண்’ என்ற கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை கோபத்தை அடக்கிக்கொண்டு. மூன்றாம் முறை, பொய் எந்த வரியில் நுழைகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே. கட்டுரையாளர் என் நண்பர், நல்ல கவிஞர். அவரை இழக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெரும்பத்திரிகைகளில் காசுக்காக வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று இருபது வருஷமாக ஏசிவிட்டு, சிறுபத்திரிகையில் சிநேகிதத்துக்காக வாயை மூடிக்கொள்வது அதைவிட எந்த விதத்தில் மேல் என்று எனக்குப் புரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் சொல்வதை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுவது என் கடமை. புகைப்படம் இதுவரை ஒரு வேட்டையாகவே இருந்துவந்திருக்கிறது என்கிறார். ஒருவன் காமிராவைத் தூக்குகிறான். எதிரே நிற்பவன் கூசிப்போகிறான். அந்தக் கூச்சத்தைத்தான் நாம் மலைவாசியின் முகம் என்று நூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு அவர் காணும் மாற்று: காமிராவை முக்காலியில் நிறுத்திவிடுவது, அதிலிருந்து ஒரு கேபிளைக் கம்ப்யூட்டருக்கு இழுப்பது, உட்காருபவர் கண்ணில் படாத இடத்தில் இருந்துகொண்டு திரையைப் பார்த்து ஷட்டரை இயக்குவது. எதிரே ஆள் இல்லை, ஆகவே பார்வை இல்லை, ஆகவே அதிகாரம் இல்லை. முகம் தன்னியல்பில் மலர்கிறது. இது ‘யாரும் எடுக்காத படம்’. இங்கிருந்து ஒரே தாவலில் அவர் கவிதைக்கு வந்துவிடுகிறார். தமிழ்க் கவிதையைப் பிடித்த நோய் ‘நான்’ என்பது. கவிஞன் அறையைவிட்டு வெளியேறிவிட்டால் உலகம் தானே தன்னை எழுதிக்கொள்ளும்.

இதற்கு ருசுவாகக் கல்வராயன் மலையில் எடுத்த நாற்பது படங்களைக் குறிப்பிடுகிறார். ஐந்து படங்கள் கட்டுரையோடு அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாசகம்: ‘கல்வராயன் மலை. எடுத்தவர்: எவருமில்லை.’

அந்த ஐந்தில் மூன்றாவது படத்தை எடுத்தவன் நான்.

1

நண்பர் சென்னையிலிருந்து வந்தார். கள்ளக்குறிச்சியில் வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கும் எனக்கு மலை ஊர்களில் நாலு பேரைத் தெரியும் என்பதால் துணைக்குக் கூப்பிட்டார். கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு வளைவுகள், கரியாலூர், வெள்ளிமலை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊரில் பள்ளிக்கூட அறை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, வெள்ளைத் துணி, முக்காலியில் காமிரா. அந்தப் பக்கம் மேஜையும் லேப்டாப்பும் நண்பரும். இடையில் ஐந்து மீட்டர் யு.எஸ்.பி. கேபிள்.

இந்த ஏற்பாட்டில் மாயம் எதுவும் இல்லை என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். காமிராவும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கு இருபது வருஷத்துக்கு மேலாகவே ஒரு பொதுவான நெறி உண்டு. காமிரா கம்பெனிகளே இதற்கு மென்பொருள் தருகின்றன. காசில்லாமல் கிடைப்பவையும் இருக்கின்றன. லென்ஸ் பார்ப்பது திரையில் தெரியும். ஒளியின் அளவு, துளையின் அளவு எல்லாவற்றையும் திரையிலேயே மாற்றலாம். எலியால் ஒரு பொத்தானைச் சொடுக்கினால் ஐந்து மீட்டருக்கு அப்பால் ஷட்டர் திறந்து மூடும். ஓரிரு விநாடியில் படம் திரைக்கு வந்து தானாகவே எண் போட்டுக்கொண்டு உட்காரும். விளம்பரப் படம் எடுப்பவர்கள், நகைக்கடைக்குப் படம் எடுப்பவர்கள் தினமும் செய்வது. காமிரா அசையாது, குவியம் சரியா என்று பெரிய திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் லௌகீகமான உபயோகம். இதற்கு ஒரு தத்துவம் இருப்பதாக நகைக்கடைக்காரர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் வேலை, வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக நாற்காலியில் உட்காரவைப்பது. பதினைந்து பதினாறு பேர் ஆகியிருக்கும். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு ஆயா வந்து உட்கார்ந்தார். காமிராவைப் பார்த்தார். அதன் பின்னால் யாரும் இல்லாததைப் பார்த்தார். தரையில் போகும் கேபிளைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து தட்டிவரை போனார். பிறகு என்னைக் கேட்டார்:

“படம் யாரு சாமி புடிக்கிறது?”

நான் காமிராவைக் காட்டி, “மிஷினே புடிச்சுக்கும், ஆயா” என்றேன்.

தட்டிக்குப் பின்னால் போனேன். நண்பர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே எலியைக் காட்டி, நீங்களே அழுத்துங்கள் என்பதாகக் கையசைத்தார். திரையில் ஆயாவின் முகம் இருந்தது. அழுத்தினேன். மேலும் மூன்று பேருக்கு நான்தான் அழுத்தினேன். பிறகு அவர் பேசி முடித்து வந்து உட்கார்ந்துகொண்டார்.

கட்டுரையில் அச்சாகியிருக்கும் மூன்றாவது படம் அந்த ஆயா. அந்த முகத்தைப் பற்றி நண்பர் ஒரு பாரா முழுக்க எழுதியிருக்கிறார். ‘எவராலும் பார்க்கப்படாத ஒரு முகத்தின் ஆதி நிம்மதி’ என்பது அவர் வார்த்தை. அது நிம்மதி இல்லை. என் பதிலை நம்பாத ஒரு கிழவி, நம்பாததைச் சொல்லாமல் இருக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாளோ அப்படி வைத்துக்கொண்டிருந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று நான் சொல்லும்போதெல்லாம் பார்க்கிற முகம் அது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆக, ‘எவருமில்லை’ என்பது முதலில் ஒரு தகவல் பிழை. தத்துவத்துக்குப் பிறகு வருவோம்.

2

தூரத்திலிருந்து ஷட்டரை இயக்குவது கம்ப்யூட்டரோடு பிறந்த சங்கதி அல்ல. பழைய ஸ்டூடியோக்களில் ரப்பர்க் குழாயின் நுனியில் ஒரு காற்றுப் பந்து இருக்கும்; அதை அமுக்கினால் ஷட்டர் விழும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் காட்டில் கயிறு கட்டி, மிருகம் அதை இடறினால் தானே வெளிச்சம் வெடித்துப் படம் விழும்படி செய்தார்; அந்த இரவுப் படங்கள் 1906-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையில் வந்தன. இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன் அதே வழியில் புலியையே தன் படத்தை எடுத்துக்கொள்ள வைத்து 1927-இல் புத்தகம் போட்டார். இன்று கயிறுக்குப் பதில் உடல்வெப்பத்தை உணரும் கருவி. 2018-ஆம் வருஷப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இப்படிக் காமிராக்கள் வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651.

நண்பரின் இலட்சியம் இதில் பூரணமாக நிறைவேறியிருக்கிறது. காமிராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. தட்டிக்குப் பின்னாலும் இல்லை. கோடிக்கணக்கில் ‘யாரும் எடுக்காத படங்கள்’. ஆனால் காமிராவை எந்தப் பாதையில், எந்த உயரத்தில் கட்டுவது என்று ஒருவர் தீர்மானித்தார். படங்கள் யாருடைய மேஜைக்குப் போக வேண்டும் என்று இன்னொருவர் தீர்மானித்தார். புலிக்கு இதில் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. எண்ணப்படுவதால் அதற்கு நன்மைகூட இருக்கலாம். ஆனால் காட்டுப் பாதையில் புலி மட்டும் நடப்பதில்லை. உத்தரகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்ப் பெண்களைப் பற்றி 2024-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போகிற அந்தப் பெண்கள் வழக்கமாக உரக்கப் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் போவார்கள். மிருகம் விலகிப் போகட்டும் என்பது அதில் ஒரு காரணம். மரத்தில் காமிரா இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவர்கள் குரலை அடக்கிக்கொண்டார்கள், பாட்டை நிறுத்திக்கொண்டார்கள் என்கிறது அந்த ஆய்வு. பாட்டை நிறுத்தினால் புலி எதிர்ப்படும் அபாயம் கூடுகிறது.

‘ஆள் இல்லாத காமிராவின் முன் மனிதன் தன்னியல்பில் மலர்கிறான்’ என்ற சித்தாந்தத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. எதிரே ஆள் இருந்தால் அவனைத் திட்டலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், ‘வேண்டாம் சாமி’ என்று கும்பிடலாம். ஆள் இல்லாத காமிராவிடம் என்ன செய்வது? வாயை மூடிக்கொள்வதுதான் செய்ய முடியும்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாதவையாவின் மகன், 1996-இல் காலமானார். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட ஒரு பூதாகாரமான கருவியோடு, பெரும்பாலும் வளர்ப்பு யானையின் முதுகிலிருந்து, காட்டு மிருகங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அந்தப் படங்களில் காட்டு யானை நம்மைப் பார்க்கிறது என்று தோன்றும். அது நம்மைப் பார்க்கவில்லை, கிருஷ்ணனைப் பார்க்கிறது. இருவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் இருவருக்குமே அபாயம் இருந்தது. அந்த இடைவெளிதான் படத்தில் பதிந்திருக்கிறது. அதை ஒழித்துவிட்டால் மிஞ்சுவது மிருகத்தின் அடையாள அட்டை.

3

அடையாள அட்டை என்றதும் என் தொழிலுக்கு வந்துவிட்டேன். தவிர்க்க முடியாது.

நண்பர் வெள்ளிமலையில் கண்டுபிடித்ததாக நினைக்கும் முறையில் இந்தத் தேசத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களை ஏற்கெனவே படம் எடுத்தாகிவிட்டது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் ஜில்லாவில் டெம்ப்ளி என்ற ஆதிவாசி ஊரில் அது துவங்கியது. ஆதார் பதிவு மேஜையைப் பார்த்திருப்பீர்கள். கேபிளில் கட்டிய காமிரா, பின்னால் வெள்ளைத் துணி. ஆபரேட்டர் பார்ப்பது திரையை. முகம் நடுவில் இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்று மென்பொருள் தீர்ப்புச் சொல்லும். ஒரு சொடுக்கு. பிறகு பத்து விரல், இரண்டு கருவிழி. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனின் முகத்தை ஆபரேட்டர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல் முழுக் காரியத்தையும் முடித்துவிடலாம். நம்முடைய ஆதார் அட்டைப் படங்களைப் பற்றி ஊரெல்லாம் சிரிக்கிறது. அந்தப் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு நண்பரின் கட்டுரையே காரணத்தைத் தருகிறது: எதிரே யாரும் இல்லை. அவர் அதை நிம்மதி என்கிறார். நாடு முழுவதும் அதைப் பிணக்களை என்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஆபரேட்டர் தன் விரலைக் கருவியில் வைத்து, இதைச் செய்தவன் நான் என்று ஒப்புக்கொடுத்தாக வேண்டும். விரல் இல்லாத, விரல் பதியாத மனிதருக்கு வேறு ஏற்பாடு உண்டு: முகத்தோடு இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டி ஒரு படம். மண்ணிலும் கல்லிலும் உழைத்து ரேகை தேய்ந்தவர்களை எங்கள் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். ‘ரேகை விழலை’ என்ற இரண்டு சொல்லில் ஒரு மனிதனின் ஒரு நாள் கூலி போய்விடும். அதாவது, யாருடைய விரல் எங்கே பட்டது என்பதில் சர்க்கார் எவ்வளவு கறாராக இருக்கிறது! பொத்தானுக்குப் பின்னால் ‘எவருமில்லை’ என்ற ஜம்பம் யந்திரத்துக்கே கிடையாது. அது நவீன கவிஞனுக்கு மட்டும் இருக்கிறது.

2021 முதல் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதைச் செல்போனில் முகம் காட்டியே நிரூபிக்கலாம். திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் படம் விழும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. ஷட்டர், கிழவரின் இமையிலேயே இருக்கிறது. நண்பர் இதைப் பார்த்தால், எடுப்பவனும் எடுக்கப்படுபவனும் ஒன்றாகிவிட்ட அத்வைத நிலை என்று இன்னொரு கட்டுரை எழுதிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. கண்புரை முற்றிய ஒருவர் நவம்பர் மாதத்தில் ஏழெட்டுத் தடவை சிமிட்டியும் ஏற்காமல், கடைசியில் என்னைப் பார்த்து, “நான் இருக்கேன்ல தம்பி, நீ சொல்லக்கூடாதா?” என்று கேட்டதை நான் அவருக்குச் சொல்வேன். நான் சொல்லக்கூடாது. அந்தத் திரையிடம் என் கண்ணால் பார்த்த சாட்சியம் செல்லுபடியாகாது. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் பார்ப்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே வைக்கவில்லை.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம் பாட்டிகள் சொன்னதைக் கேலி செய்தோம். இன்று படம் விழாவிட்டால் பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறோம்.

4

கல்வராயனில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. இந்த மலையில் 1976 வரை ஜாகீர் இருந்தது. ராஜ்யங்களும் ஜமீன்களும் போய்ப் பல வருஷங்கள் ஆன பிறகும் இங்கே ஜாகீர்தார்கள் இருந்தார்கள். அதற்கு முன்பே அளவெடுப்பவர்கள் இந்த ஜனங்களைத் தேடி வந்துவிட்டார்கள். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைமையில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடும் காமிராவோடும் தென்னிந்தியா பூராவும் அலைந்து, ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகள் போட்டார். மலையாளிகள் என்ற இந்த மலைஜனங்கள் அதில் உண்டு. தர்ஸ்டனின் அகங்காரத்தைப் பற்றி இன்று எழுதாதவர் இல்லை. எழுத முடிகிறது, ஏனென்றால் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. அந்த அகங்காரத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. ‘எடுத்தவர்: எவருமில்லை’ என்று தர்ஸ்டன் போட்டிருந்தால் நாம் யாரோடு சண்டை போட்டிருப்போம்?

பிறகு 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் எரிந்த படங்களை நாடே பார்த்தது. அதன் பின் சாராய வேட்டைக்காக மலைக்குப் போலீஸ் போயிற்று, டிரோன் போயிற்று, பத்திரிகைக் காமிராக்கள் போயின. சாராயம் காய்ச்சுகிற மலை என்று ஒரு முழு மலைக்கும் பெயர் வைத்தாயிற்று. மரவள்ளி போடுபவனும் கடுக்காய் பொறுக்குபவளும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் பார்த்த ஒரு கிழவி, பின்னால் ஆள் இல்லாத காமிராவின் முன்னால் உட்காரவைக்கப்பட்டபோது, படம் யார் பிடிப்பது என்று கேட்டார். நண்பர் இதைக் கட்டுரையில் ‘யந்திரத்தின் முன் ஆதிமனதின் வியப்பு’ என்று ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு முடித்துவிட்டார். வியப்பாவது! அது ஒரு குறுக்கு விசாரணை. இந்தப் படம் யாரிடம் போகும், நாளைக்கு இதனால் எனக்கு ஏதாவது வந்தால் நான் யாரைத் தேடிப் போவது என்பதைத்தான் அவர் நாலு வார்த்தையில் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதனால் மிஷினைக் காட்டினோம்.

5

நான் யந்திரத்துக்கு விரோதி என்று முத்திரை குத்திவிட வசதியாக இருக்கும். அதற்கு இடம் தர விரும்பவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவச் சுவடிகள் இருக்கின்றன; 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. இம்மாதிரி ஏடுகளைப் படியெடுக்கும்போது காமிராவை மேலே தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, கையே படாமல் கம்ப்யூட்டரிலிருந்து இயக்குவதுதான் உத்தமம். கை பட்டால் அசையும், எழுத்து மங்கும். ஓலைக்குக் கூச்சமில்லை, கேள்வியும் இல்லை. அங்கே விரல் விலகுவது ஓலைக்குச் செய்யும் மரியாதை.

இன்னொன்று கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. கடைத்தெருவில் நான் போகும் ஒரு ஸ்டூடியோ. அவரும் கேபிள் போட்டுத்தான் எடுக்கிறார். ஆனால் திரையை உட்காருபவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு பெண் தன் முகத்தைத் திரையில் பார்த்து, “இது வேணாம்ணா, இன்னொண்ணு எடுங்க” என்றாள். எடுத்தார். அதுவும் வேண்டாம் என்றாள். மறுபடி எடுத்தார். நாலாவதுக்குத் தலையசைத்தாள். அதே காமிரா, அதே கேபிள், அதே மென்பொருள். திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்த ஸ்டூடியோக்காரர் கவிதை எழுதுவதில்லை. தட்டி வைக்கத் தோன்றாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

வெள்ளிமலையில் நாற்பது பேரில் ஒருவருக்கும் நாங்கள் திரையைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தட்டிக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்துபோயிருக்கும். ‘பார்வையற்ற பார்வை’ கெட்டுப்போயிருக்கும்.

ஒரு சின்னத் தொழில்நுட்ப விவரம். காமிராவின் பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு. பாதி அழுத்தினால் குவியம் சேரும், ஒளி அளக்கப்படும். முழுதும் அழுத்தினால்தான் ஷட்டர் திறக்கும். பாதி அழுத்தியபின் விரலை எடுத்துவிடவும் செய்யலாம். எடுக்க வேண்டாம் என்று அந்தக் கணத்தில் தோன்றலாம். திரையில் சொடுக்கும்போது பல மென்பொருள்களில் இரண்டும் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன. நான் அன்று அழுத்தியபோது எனக்குப் பாதி என்று ஒன்று இருக்கவில்லை. ஆயா கேட்ட கேள்வி அரை நிமிஷம்கூடப் பழையதாகவில்லை. யோசிக்க இடமிருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் விரலுக்கு அடியில் இருந்தது ஒரு எலி. வங்கியில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொடுக்குகிற அதே எலி. சொடுக்கிவிட்டேன்.

6

இப்போது கவிதை. நண்பரின் உண்மையான அக்கறை அதுதான், என்னுடையதும்.

கவிஞன் விலகிக்கொள்ள வேண்டும் என்ற வாதத்துக்கு அவர் துணைக்கு அழைக்கும் சாட்சிகள் மூவர். மூவருமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்கள். எலியட் 1919-இல் எழுதிய கட்டுரையில் கவிதை ஆளுமையிலிருந்து தப்புவது என்ற கருத்தை வைத்தது உண்மை. ஆளுமை உள்ளவனுக்குத்தான் அந்தத் தப்புதலின் தேவை புரியும் என்றும் கையோடு சேர்த்தார். அந்தப் பாதியைத் தமிழில் மேற்கோள் காட்டுபவர்களுக்கு மட்டும் ஏனோ அச்சு மங்கிவிடுகிறது. கிறிஸ்டஃபர் இஷர்வுட் 1939-இல் வந்த பெர்லின் புத்தகத்தில் கதைசொல்லியைக் காமிராவோடு ஒப்பிட்டார். அந்தக் கதைசொல்லிக்கு அவர் வைத்த பெயர் கிறிஸ்டஃபர் இஷர்வுட். காமிரா என்று சொல்லிக்கொண்டவன் தன் பெயரை மறைக்கவில்லை. ரோலான் பார்த், 1980-இல் புகைப்படம் பற்றி எழுதிய புத்தகத்தில், எடுப்பவனைக் கண்ணைவிட விரலோடு சேர்த்தே யோசித்தார். ஷட்டரின் ஓசையில் தமக்கிருந்த பிரியத்தையும் சொன்னார். ‘கையற்ற கண்’ணுக்கு அவரைப் பாயிரம் பாட வைப்பது அபத்தம்.

மேற்கே போவானேன்? ‘நான்’ இல்லாத கவிதை நமக்குப் புதிதா? அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. பெயரில்லை. ஆனால் குரல் யாருடையது என்பது எப்போதும் உண்டு: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. தொகுத்தவர்கள் பாட்டுக்குக் கீழே, யார் யாரிடம் எந்தச் சமயத்தில் சொன்னது என்று குறிப்பெழுதி வைத்தார்கள். பாடியவர் பெயரையும் வைத்தார்கள். பாடியவர் பெயர் தொலைந்துபோன சில இடங்களில் என்ன செய்தார்கள்? ‘எவருமில்லை’ என்று எழுதவில்லை. பாட்டிலிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்து அதையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று ஒருவரை நிறுத்தினார்கள். சொல்லுக்குப் பின்னால் ஆள் இருந்தாக வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம். அகத்தில் பெயரை மறைத்தது காதலிப்பவர்களைக் காக்க. நண்பர் பெயரை மறைப்பது எழுதுகிறவனைக் காக்க. இரண்டும் ஒன்றல்ல.

தமிழ்ப் புதுக்கவிதையில் சில காலமாக இந்தத் தட்டிக்குப் பின்னால் உட்காரும் வித்தை பெருகிவிட்டது. ஒரு கிழவி, ஒரு பனைமரம், ஒரு செத்த நாய், மூன்றையும் எழுவாயில்லாத வாக்கியங்களில் வரிசையாக வைத்துவிட்டால் படிமக் கவிதை. யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது, பார்த்ததால் அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ‘கவிதை பேசுகிறது, நான் பேசவில்லை’ என்று பதில் வருகிறது. மிஷினே புடிச்சுக்கும், ஆயா! நான் அன்று சொன்ன பொய்யும் இதுவும் ஒரே பொய். ‘நான், நான்’ என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் கவிதை சகிக்க முடியாதது என்பதில் நண்பரோடு எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. அதற்கு மருந்து, ‘நான்’ என்பதை இன்னும் கறாராக, இன்னும் சிறிதாக, நின்ற இடத்தையும் தூரத்தையும் சொல்லி எழுதுவது. ஒளிந்துகொள்வது எப்படி மருந்தாகும்? வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்படாமல் இருப்பதற்கு வழி தேடுகிறவன், அதைப் பற்றின்மை என்று அழைத்துக்கொள்கிறான்.

அந்த வேட்டைக்காரன்-கூச்சம் சமாசாரத்தில் நண்பர் சொன்னது சரி. எதிரே நின்று எடுத்தால் முகம் கூசும். கூசட்டும். அந்தக் கூச்சம் இரண்டு மனிதர்களுக்கு நடுவே நடந்த உண்மையான சம்பவம். எடுப்பவனுக்கும் அதில் பங்கு உண்டு. அவனும் கூசத்தான் வேண்டும். இரண்டு பேர் பட வேண்டிய கூச்சத்தை, தட்டி வைத்து ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, மற்றவர் அதற்கு ‘நிம்மதி’ என்று தலைப்புக் கொடுப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சென்ற இதழ்க் கட்டுரையோடு வந்த மூன்றாவது படத்தின் கீழ், ‘எடுத்தவர்: எவருமில்லை’ என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். மற்ற நான்கின் கீழ் நண்பரின் பெயரைப் போடுங்கள். அவர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

படத்தில் இருக்கும் ஆயாவின் பெயரும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை இப்போது போட வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் போவதாக இருக்கிறேன். இதழைக் காட்டி, யார் பிடித்தது என்பதையும் சொல்லிவிட்டு, பெயரைப் போடலாமா என்று கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன். வேண்டாம் என்று சொன்னால், படத்தையும் போட்டிருக்கக் கூடாது என்று நீங்கள் இன்னொரு திருத்தம் வெளியிட வேண்டியிருக்கும்.